ஹீட் பம்ப் ஒரு பருவத்தில் ஓடி மறு பருவத்தில் தடுமாறினால்: கேஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் ஜனவரி மாதம் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இப்படித்தான் தொடங்கும்: "கேஸ் குறைஞ்சிருக்கும் போல இருக்கு, கொஞ்சம் போட்டுவிட முடியுமா?" கேஸ் என்று இங்கே சொல்வது, இயந்திரத்தின் மூடிய குழாய்களில் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் குளிர்பதனப் பொருளை. 2021-இல் தொடங்கிய 'கனடா கிரீனர் ஹோம்ஸ்' திட்டம் 5,000 டாலர் வரை மானியம் கொடுத்ததால், ஏசி இருந்த இடத்தில் ஹீட் பம்ப் (கோடையில் குளிரூட்டி, குளிர்காலத்தில் அதே சுற்றைத் திருப்பி வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) வைத்தவர்கள் நம்மவர்களிலும் நிறைய. மானியம் வந்தது. ஆனால் இந்த இயந்திரத்துக்கும் ஏசிக்கும் என்ன வித்தியாசம் என்று பொருத்தியவர்கள் பலர் சொல்லிவிட்டுப் போகவில்லை. குளிர்காலத்தில் கோளாறு என்றதும் கேஸ் போடச் சொல்வதும், அதைக் கேட்டுப் போட்டுவிடுவதும்தான் நல்ல கம்ப்ரசர்களைக் கொல்கிறது.

எந்தப் பருவத்தில் கோளாறு தெரிகிறது என்பதே பாதி விடையைச் சொல்லிவிடும். அதற்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும்.

வீட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு காயில்கள் (கேஸ் ஓடும் வளைகுழாய்கள்) உண்டு. கேஸ் எந்தக் காயிலில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறதோ, அங்கேதான் அது அதிகமாகத் தேங்கும். கோடையில் அது வெளியே இருக்கும் பெரிய காயில். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் சிறிய காயில். சிறிய காயில் அவ்வளவு திரவத்தைத் தாங்காது, மிச்சம் எங்காவது போய் நிற்க வேண்டும். அதற்குத்தான் கம்ப்ரசருக்குள் கேஸ் நுழையும் முன் அக்குமுலேட்டர் என்ற உருளை. சில மாடல்களில் கூடவே சார்ஜ் காம்பன்சேட்டர் என்று ஒரு சிறு தொட்டியும் இருக்கும். கேஸ் ஓடும் திசையைத் திருப்பும் ரிவர்சிங் வால்வுக்கும் வெளிக் காயிலுக்கும் இடையே ஓடும் குழாய் அந்தத் தொட்டியை ஊடுருவிப் போகும். குளிர்காலத்தில் அந்தக் குழாய் சில்லென்று இருப்பதால் உபரித் திரவம் தொட்டியில் வந்து சேரும். கோடையில் அதே குழாயில் சூடான கேஸ் ஓடும், திரவம் ஆவியாகிச் சுற்றுக்குத் திரும்பும். வெளிக் காயில் மெல்லிய அலுமினிய மைக்ரோசேனல் வகையாக இருந்தால் அதன் கொள்ளளவு குறைவு. அப்போது கணக்கு தலைகீழாகவும் ஆகலாம். உங்கள் மாடல் எந்த வகை என்று அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேஸ் குழாயை நீங்கள் எந்த இடத்திலும் திறக்கக் கூடாது. ஒன்டாரியோவில் அதற்கு 313ஏ அல்லது 313டி தொழில் உரிமமும் ஓ.டி.பி. அட்டையும் (ஓசோன் படலத்தைக் காக்கும் பயிற்சி பெற்றதற்கான சான்று) வேண்டும். கீழே உங்களுக்கென்று சொல்வதெல்லாம் கண்ணாலும் காதாலும் ஒரு சமையலறை வெப்பமானியாலும் செய்யக்கூடியவை.

வெப்பத்துக்கு வைத்தால் குளிர்ந்த காற்று வருகிறது

*உண்மையிலேயே குளிர்ந்த காற்றா?* எரிவாயுவில் எரியும் ஃபர்னஸ் 50 டிகிரிக்குப் பக்கத்தில் காற்றைத் தள்ளும். ஹீட் பம்ப் தள்ளுவது 30 முதல் 40 டிகிரி வரைதான். நம் உடம்புச் சூடு 37. அதனால் கையை வைத்தால் குளிர்வது போலத்தான் தெரியும். கையை நம்பாமல் வெப்பமானியை நம்புங்கள். வீட்டுக் காற்று திரும்பிப் போகும் கிரில்லில் ஒரு அளவு, சூடான காற்று வரும் துளையில் ஒரு அளவு எடுங்கள். துணை ஹீட்டர் (ஹீட் பம்ப் போதாதபோது கூடவே ஓடுவது) அணைந்திருக்கும்போது எடுக்க வேண்டும். வெளியே 8 டிகிரி சுமாருக்கு இருக்கும் நாளில் இரண்டுக்கும் 11 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இயந்திரத்தில் குறையில்லை. கடுங்குளிரில் இது இன்னும் சுருங்கும்.

*சில நிமிடம் மட்டும் குளிர்ந்து, பிறகு சரியாகிறதா?* அது டிஃப்ராஸ்ட். வெளிக் காயிலில் படிந்த உறைபனியைக் கரைக்க இயந்திரம் தற்காலிகமாக ஏசியாக மாறும், வெளி ஃபேன் நிற்கும், புகை போல நீராவி எழும்பும். உள்ளே வெதுவெதுப்பாக வைக்க வேண்டிய துணை ஹீட்டர் எரியவில்லை என்றால்தான் குளிர்ந்த காற்று வரும். அதன் பிரேக்கரைப் பாருங்கள்.

*அண்மையில் தெர்மோஸ்டாட் மாற்றினீர்களா?* பெரும்பாலான கம்பெனிகளின் ரிவர்சிங் வால்வுக்குக் குளிரூட்டும்போது மின்சாரம் போகும், அது 'ஓ' முனை. ரீம், ரூட் போன்றவற்றில் வெப்பமூட்டும்போது போகும், அது 'பி'. தெர்மோஸ்டாட் அமைப்பில் இது மாறியிருந்தால் வெப்பம் கேட்டால் குளிர் வரும், குளிர் கேட்டால் வெப்பம் வரும். அமைப்பில் மாற்றிவிட்டால் வேலை முடிந்தது, காசு செலவில்லை.

*தெர்மோஸ்டாட் சரி, வெளி யூனிட்டும் ஓடுகிறது, இருந்தும் குளிர்ந்த காற்றுதானா?* பயன்முறையை மாற்றிவிட்டு வெளி யூனிட் அருகே நின்று கேளுங்கள். முதலில் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே 'உஷ்' என்று கேஸ் திரும்பும் சத்தம். இரண்டும் கேட்டால் வால்வு நகர்கிறது. 'டிக்' மட்டும் கேட்டு 'உஷ்' வரவில்லை என்றால் வால்வு நகரவில்லை.

இந்த இடத்தில்தான் வீண் செலவு நடக்கிறது. ரிவர்சிங் வால்வை நகர்த்துவது மின்சாரம் அல்ல. மின்சாரம் ஒரு சிறு பைலட் வால்வைத் திறக்கும், அவ்வளவுதான். பெரிய வால்வைத் தள்ளுவது இரு பக்க அழுத்தத்துக்கு உள்ள வித்தியாசம். கேஸ் மிகவும் குறைந்திருந்தாலோ கம்ப்ரசர் தளர்ந்திருந்தாலோ அந்த வித்தியாசம் எழாது, நல்ல வால்வும் நகராது. வால்வை மாற்றுவது குழாய்களை அறுத்துப் பற்றவைக்கும் ஒரு நாள் வேலை. அதற்குச் சம்மதிக்கும் முன் "இரண்டு பக்க அழுத்தம் எவ்வளவு?" என்று கேளுங்கள். அதை அளக்காமலே வால்வு போயிற்று என்று சொன்னால் வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள்.

வெளி யூனிட் முழுக்கப் பனிக்கட்டி

வெள்ளைப் பவுடர் பூசினாற்போல மெல்லிய உறைபனி இருப்பது இயல்பு. டிஃப்ராஸ்ட் ஆனதும் போய்விடும். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தும் போகாமல், மேலும் தடித்துக் கண்ணாடிக்கட்டியாக ஆனால்தான் கவலை.

முதலில் யூனிட்டைச் சுற்றிப் பாருங்கள். பனிக்குவியல் காயிலை மூடியிருக்கிறதா? கூரைத் தண்ணீர்க் குழாய் மேலே சொட்டுகிறதா? யூனிட் தரையோடு தரையாக இருக்கிறதா? டிஃப்ராஸ்ட் தண்ணீர் கீழே வடிய வழி வேண்டும், இல்லையென்றால் அடியிலிருந்து கட்டி வளரும். நம் ஊரில் குறைந்தது ஓர் அடி உயர ஸ்டாண்டில் நிறுத்துவது நல்லது. உறைமழை பெய்தால் மேல் கிரில்லில் பனி இறுகி ஃபேன் இறக்கை மாட்டிக்கொள்ளும். 2013 டிசம்பரில் டொராண்டோவை முடக்கிய பனிமழையைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு வேகமாக இறுகும் என்று தெரியும்.

பனியைக் கத்தி, சுத்தியல் கொண்டு உடைக்காதீர்கள். காயில் ஓட்டையானால் அதோடு கேஸும் போச்சு. தெர்மோஸ்டாட்டை எமர்ஜென்சி ஹீட்டில் (ஹீட் பம்ப் நின்று துணை ஹீட்டர் மட்டும் ஓடும் நிலை) வைத்து, வெளி யூனிட்டை நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கரையுங்கள். கொதிநீர் வேண்டாம். பிறகு திரும்ப ஓடவிட்டு, அரை மணி நேரத்தில் பனி *எங்கே* படிகிறது என்று பாருங்கள்.

இந்தப் பார்வைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். காயிலின் மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக வெள்ளை படிந்தால் கேஸ் எல்லா வரிசைக்கும் போகிறது, குறை டிஃப்ராஸ்ட் பக்கத்தில். அதாவது காயிலில் மாட்டிய சென்சார் கழன்றிருக்கலாம், போர்டு பழுதாகியிருக்கலாம். இரண்டும் பெரிய செலவில்லாத வேலை. மெல்லிய குழாய்கள் விசிறி போலப் பிரிந்து காயிலுக்குள் நுழையும் இடத்தை ஒட்டி மட்டும் கெட்டியான பனி, மிச்சக் காயில் முழுக்க ஈரமே இல்லாமல் காய்ந்த அலுமினியம் என்றால், அங்கே வரும் திரவம் பாதி வழியிலேயே ஆவியாகித் தீர்ந்துவிடுகிறது. கேஸ் குறைவு, அல்லது காயிலுக்குள் திரவத்தை அளந்துவிடும் வெளிப்பக்க எக்ஸ்பான்ஷன் வால்வு போதிய அளவு திறக்கவில்லை. இரண்டுமே டெக்னீஷியன் வேலை. ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவர் வரும்போது பனி கரைந்திருக்கும், போட்டோதான் சாட்சி.

கடுங்குளிரில் ஓடுகிறது, மிதமான நாளில் தானாக நிற்கிறது

ஸ்கார்பரோவில் ஒரு வரிசை வீட்டில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, மைனஸ் பத்துல ஓடுது. வெளியில கொஞ்சம் வெயில் அடிச்சா நின்னுபோகுது. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டேங்கிறாங்க." அவர் சொன்னது அத்தனையும் சரி. வெளியே 10 டிகிரி இருக்கும்போது ஹீட் பம்ப் ஏராளமான வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். உள்ளே இருக்கும் காயிலால் அதை வாங்கிக் காற்றில் விட முடியவில்லை என்றால் அழுத்தம் ஏறும், உயரழுத்த சுவிட்ச் இயந்திரத்தை நிறுத்தும்.

எளிதானதில் தொடங்குங்கள். ஃபில்டர். அடைத்த ஃபில்டர் கோடையில் உள் காயிலை உறையவைக்கும், குளிர்காலத்தில் அதே அடைப்பு அழுத்தத்தை ஏற்றி இயந்திரத்தை நிறுத்தும். ஒரே அழுக்கு, எதிரெதிர் அறிகுறி. அடுத்து, பயன்படுத்தாத அறை என்று மூடிவைத்த காற்றுத் துளைகளைத் திறந்துவிடுங்கள்.

ஃபர்னஸும் ஹீட் பம்பும் சேர்ந்த கலப்பு அமைப்பா? அப்படியானால் டிஃப்ராஸ்ட் நேரம் தவிர இரண்டும் ஒன்றாக ஓடவே கூடாது. ஃபர்னஸ் சூடாக்கிய காற்று, வெப்பத்தை விடக் காத்திருக்கும் காயிலின் மேல் பட்டால் அழுத்தம் எகிறும். ஃபர்னஸ் எரியும்போது வெளி யூனிட்டும் தொடர்ந்து சுற்றுகிறது என்றால் தெர்மோஸ்டாட் அமைப்பு தவறு.

இவை எதுவும் இல்லை என்றால் உள்ளே இருக்கும் காயிலின் மாடல் எண்ணைப் பாருங்கள். அந்தப் பெரியவர் வீட்டில் பொருத்தியவர் வெளி யூனிட்டை மட்டும் புதிதாக வைத்துவிட்டு, ஃபர்னஸுக்கு மேலே பழைய ஏசியின் காயிலையே விட்டிருந்தார். பெட்டியின் மேல் பல வருடத் தூசி, ஒட்டியிருந்த பலகையில் பழைய கம்பெனியின் பெயர். கோடையில் அது ஏதோ சமாளித்தது. குளிர்காலத்தில் அந்தச் சின்னக் காயில் திரவத்தால் நிரம்பி, கேஸ் திரவமாக இடமில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. அக்குமுலேட்டர் எவ்வளவு உபரியைத் தாங்கும் என்பது வெளி யூனிட்டோடு பொருந்தும் உள் காயிலை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது. காயிலை மாற்றினால், கணக்கு மொத்தமும் மாறிவிடும். ஆகவே, வெளியும் உள்ளும் சேர்த்துச் சோதிக்கப்பட்ட ஜோடி என்பதற்கு ஏ.எச்.ஆர்.ஐ. என்ற தொழில்துறை அமைப்பின் சான்றிதழ் எண் உண்டு. அதைப் பொருத்தியவரிடம் கேட்டு வாங்குங்கள். கொடுக்க முடியவில்லை என்றால் குறை எங்கே என்று தெரிந்துவிட்டது. காயிலை மாற்றும் செலவை அவரே ஏற்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜோடியும் சரியென்றால் மீதி இரண்டு: யாரோ கேஸை அதிகம் போட்டிருக்கிறார்கள், அல்லது உள்பக்க எக்ஸ்பான்ஷன் வால்வின் கூட இருக்கும், ஒரு திசையில் மட்டும் திறக்கும் செக் வால்வு மூடியபடியே மாட்டிக்கொண்டு, குளிர்காலத்தில் திரவத்தைத் திரும்பிப் போகவிடாமல் தடுக்கிறது. அளவுமானி இல்லாமல் இதைப் பிரித்தறிய முடியாது. டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள்.

குளிர்காலம் முழுக்க நன்றாக ஓடியது, ஜூனில் குளிரவில்லை

ஃபில்டர். பிறகு வெளிக் காயில். ஜூன் தொடக்கத்தில் காட்டன்வுட் மரங்களின் பஞ்சு காற்றில் பறந்து வந்து கம்பளி போல ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தோட்டத்துக் குழாயை மென்மையாக வைத்துக் கழுவுங்கள். பிரஷர் வாஷர் துடுப்புகளை மடக்கிவிடும்.

கழுவியும் குளிரவில்லை என்றால், மெதுவான கசிவைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். வெளிக் காயில் பெரிதாக உள்ள சாதாரண அமைப்பில் கோடைக்குத்தான் அதிக கேஸ் வேண்டும். குளிர்காலத்தில் சிறிது கசிந்தாலும் அக்குமுலேட்டரில் நிற்கும் உபரி அந்த இழப்பை ஈடுகட்டும், யாருக்கும் தெரியாது. கோடை வந்து பெரிய காயில் தன் பங்கைக் கேட்கும்போதுதான் பற்றாக்குறை வெளிப்படும். ஆகவே "போன மாசம் வரைக்கும் நல்லா இருந்தது" என்பது கசிவு இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

குழாய் இணைப்புகளிலும் சர்வீஸ் வால்வு மூடிகளின் அடியிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கிறதா பாருங்கள். கேஸோடு கம்ப்ரசர் எண்ணெயும் கசியும், இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும். மினி ஸ்பிளிட் என்றால் உள் யூனிட்டின் பின்னால் உள்ள ஃபிளேர் இணைப்புகள்தான் முதல் சந்தேகம். கசிவைச் சோதிக்காமல் மேலே கேஸ் நிரப்புவது இங்கே சட்டப்படி தவறு. "சும்மா டாப்-அப் பண்ணிடுறேன்" என்பவரை வீட்டுக்குள் விட வேண்டாம்.

அரிதாக, காம்பன்சேட்டர் உள்ள மாடலில் தொட்டி காலியாகாமல் கேஸைப் பிடித்துவைத்துக்கொள்வதும் உண்டு. கோடையில் ஓடும்போது அது சூடாக இருக்க வேண்டும். அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாம், பக்கத்துக் குழாய் சுட்டுவிடும். டெக்னீஷியன் வெப்பநிலை அளந்து சொல்லுவார்.

கேஸ் போட்ட பிறகு மோசமாகிவிட்டது

ஆர்-410ஏ கேஸ் உள்ள இயந்திரத்தில் கோடையில் உறிஞ்சும் பக்க அழுத்தம் 120 பி.எஸ்.ஐ. சுமாருக்கு இருக்கும். வெளியே மைனஸ் 10 என்றால் வெளிக் காயில் மைனஸ் 16-க்குப் பக்கத்தில் ஓடும், அப்போது அதே அளவுமானி 50-ஐத்தான் காட்டும். அது குறைவல்ல, அந்தக் குளிருக்கு உரிய அழுத்தமே அதுதான். ஏசி மட்டும் பழகியவர் அந்த முள்ளைப் பார்த்ததும் சிலிண்டரைத் திறந்துவிடுவார். முள் கொஞ்சம்தான் அசையும். போன கேஸ் உபரியாகத் திரவமாகவே நின்று, அக்குமுலேட்டரை நிரப்பி, கம்ப்ரசருக்குள் இறங்கும். கம்ப்ரசர் ஆவியை அழுத்தச் செய்யப்பட்டது. திரவத்தை அழுத்தப் போனால் எண்ணெய் கழுவப்பட்டு, உள்பாகம் தேய்ந்து உடையும்.

அறிகுறிகள்: ஓட ஆரம்பிக்கும்போதும் டிஃப்ராஸ்ட் முடிந்து திரும்பும்போதும் உறுமல், கம்ப்ரசர் உடம்பின் அடிப்பகுதியிலேயே பனி படிதல், மிதமான நாளில் தானாக நிற்றல். டிஃப்ராஸ்டின்போது ஒரே ஒரு பெருமூச்சுச் சத்தமும் சிறிது கடகடப்பும் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். திரவம் இடம் மாறும்போது அது இயல்பு. ஒவ்வொரு முறையும் இரும்பு மோதுவது போல உறுமினால் எமர்ஜென்சி ஹீட்டுக்கு மாற்றிவிட்டு உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

குளிர்காலத்தில் கேஸைச் சரிசெய்ய நான் நம்பும் வழி ஒன்றுதான்: உள்ளே இருப்பதை முழுதும் மீட்டெடுத்து, 500 மைக்ரானுக்குக் (வெற்றிடத்தை அளக்கும் அலகு) கீழே வெற்றிடம் இழுத்து, பெயர்ப் பலகையில் உள்ள எடையைத் தராசில் வைத்து உள்ளே விடுவது. காற்றைப் பெரிய குழாய்கள் வழியே அறைகளுக்கு அனுப்பும் டக்ட் அமைப்புகளில் பலகையில் இருக்கும் எடை வழக்கமாக 15 அடிக் கேஸ் குழாய்க்கானது. குழாய் அதைவிட நீளமானால் கூடுதல் அடிக்கு எவ்வளவு என்று கையேட்டில் இருக்கும். சில கம்பெனிகள் குளிர்கால அழுத்த அட்டவணை கொடுக்கின்றன, அது சரிபார்க்க உதவும். அதை மட்டும் வைத்துக் கேஸ் ஏற்றக் கூடாது.

நீண்ட மின்தடைக்குப் பிறகு

கம்ப்ரசரின் அடியில் ஒரு சிறு ஹீட்டர் இருக்கும். கரண்ட் இல்லாத குளிரில் அது அணைந்து, கேஸ் மெல்லக் கம்ப்ரசரின் எண்ணெய்க்குள் போய்ச் சேரும். கரண்ட் வந்ததும் ஹீட் பம்பை ஓடவிடாதீர்கள். எமர்ஜென்சி ஹீட்டில் வைத்துக் குறைந்தது 6 மணி நேரம் விடுங்கள், கையேடு அதிகம் சொன்னால் அதன்படி செய்யுங்கள். வெளி யூனிட்டின் பிரேக்கர் மட்டும் போட்டபடி இருக்க வேண்டும், அதில்தான் அந்த ஹீட்டர் ஓடுகிறது.

டெக்னீஷியன் வந்தால்

பிரேக்கரை ஒருமுறை போட்டும் மறுபடி விழுந்தால், எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால், பனி காயிலின் ஒரு மூலையில் மட்டும் படிந்தால், உறுமல் கேட்டால் உங்கள் வேலை முடிந்தது, கூப்பிடுங்கள். புதிய இயந்திரம் என்றால் கேஸ் என்ன வகை என்று பலகையைப் பார்த்து முன்கூட்டியே சொல்லுங்கள். ஆர்-32, ஆர்-454பி இரண்டும் லேசாகத் தீப்பற்றக்கூடியவை, அதற்குரிய கருவியோடு வர வேண்டும்.

அவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். தராசு கொண்டுவந்தீர்களா? எத்தனை கிராம் எடுத்தீர்கள், எத்தனை கிராம் போட்டீர்கள்? கசிவு எங்கே? வெளியே இன்று எத்தனை டிகிரியில் அளந்தீர்கள்? பதில்களைத் தேதியோடு வெளி யூனிட்டின் மூடிக்கு உள்பக்கம் அழியாத பேனாவில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த ஜூனில் வேறு ஒருவர் வந்து திறக்கும்போது, கேஸ் குறைந்திருக்கிறதா இல்லையா என்று அந்த எண்ணை வைத்தே அவரால் சொல்ல முடியும்.